கடைசி இரண்டு வீடுகள்

"முதல்ல அந்த வீடு," என்று நகராட்சிப் பெண்ணிடம் கை நீட்டிக் காட்டினார் அடெலினோ. "என் வீட்டை அப்புறம் பாக்கலாம். சந்தேகமே வேண்டாம்மா, அங்கேர்ந்துதான் நாத்தம் வருது."

காட்டியது சொந்தத் தம்பி எர்மினியோவின் வீட்டை. தம்பி இறந்து நாலு மாதம். பக்கத்து வீட்டுச் சாவு, கூடப் பிறந்தவன் சாவு. இவர் சர்ச்சில் நடந்த துக்கப் பூசைக்குக்கூடப் போகவில்லை. அப்படி ஒரு வீம்பு!

போர்ச்சுகலின் அசோரஸ் தீவிலிருந்து ஒரே பெட்டியோடு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் வந்து, பக்கத்துப் பக்கத்தில் வீடு வாங்கிய அண்ணன் தம்பி. ஞாயிறு பூசை முடிந்தால் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பானைக் கீரைச் சூப்தான். தெருக்கோடியில் ஓடும் ஆறுதான் பிரித்தது. அதைச் சுத்தப்படுத்தச் சொல்லி இருபது வருடமாக மனுப் போட்டு, மேயர்களின் உயிரை வாங்கியவர் அடெலினோ. மனைவி இறந்தபின் அவருக்கு வேறு வேலையே இல்லை. மழைநீரை மட்டும் ஆற்றில் விட வேண்டிய தெருக்கோடிக் குழாயில் மலநாற்றம் அடித்தது. ஏழு வருடங்களுக்கு முன் நகர மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று, "என் தம்பிதான் ஆத்துல பீத்தண்ணியை விடறான். அவன் வாடகைக்கு ஆள் வெச்சதுலேர்ந்துதான் நாத்தம் தாங்கல," என்று சொல்லிவிட்டார். எர்மினியோ தொப்பியை எடுத்துக்கொண்டு வாய் திறக்காமல் வெளியே போனான். குற்றம் இல்லாதவன் பதில் பேச மாட்டானா? அத்தோடு பேச்சு நின்றது.

இப்போதுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டு வீடு வீடாகச் சோதிக்கிறது. கழிப்பறையில் பச்சைச் சாயத்தை ஊற்றித் தண்ணீர் விடுவார்கள். சாயம் பாதாளச் சாக்கடையில் தெரிந்தால் சரி. ஆற்றில் தெரிந்தால் அந்த வீட்டுக் குழாய் தப்பாக இணைந்திருக்கிறது. தெருவில் மற்ற வீடுகளெல்லாம் தேறிவிட்டன.

நகராட்சிப் பெண் ஃபாபியன் தம்பி வீட்டுக்குள் போனாள். அடெலினோ ஆற்றங்கரையில் குழாயின் வாயிலேயே போய் நின்றுகொண்டார். பச்சை வரட்டும், வரட்டும் என்று மாதாவை வேண்டினார். வராவிட்டால், தம்பியின் சவப்பெட்டியைத் தொடாமல் இருந்ததற்கு என்ன நியாயம் மிஞ்சும்?

அரை மணி ஆயிற்று. ஃபாபியன் இறங்கி வந்தாள்.

"சாக்கடைக்குத்தான் போகுது சார். இந்த வீடு சுத்தம்."

"இன்னொரு தடவை ஊத்தும்மா."

எல்லாக் கழிப்பறையிலும் மறுபடி ஊற்றினாள். ஆற்றில் ஒன்றும் தெரியவில்லை.

"உங்க வீடுதான் பாக்கி சார்."

"என் வீடா? இந்த ஆத்துக்காகக் கத்திக் கத்தியே தொண்டை போனவன் நான்! சரி, ஊத்து. உன் காகிதத்துக்கு வேணுமே."

மாடிக் கழிப்பறை தேறியது. கீழ்த்தளத்தில் ஊற்றிய பத்தாவது நிமிடம், குழாயிலிருந்து பளீரென்று பச்சை வழிந்து ஆற்றில் இறங்கியது. அந்தக் கழிப்பறைக்கு முப்பது வருடங்களுக்கு முன், பிளம்பர் எதற்கு என்று, தன் கையாலேயே குழாய் இணைத்தவர் அடெலினோ.

"வேணும்னு யாரும் செய்யறதில்ல சார். மழைக்குழாயும் சாக்கடைக் குழாயும் ஒரே மாதிரிதான் இருக்கும்," என்றாள் ஃபாபியன். அவர் காதில் அது விழவில்லை.

தம்பி மனைவி லூர்தஸ் வாசற்படியில் நின்றிருந்தாள். நேரே அவளிடம் போனார்.

"லூர்தஸ், என் வீடுதான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நீங்க குழாயை மாட்டினப்போ பக்கத்துல விளக்குப் பிடிச்சது யாரு? உங்க தம்பிதானே. கூட்டத்துலேர்ந்து வந்து ராத்திரி பூரா யோசிச்சு, 'அண்ணன் அன்னிக்கு மாட்டின குழாய்தான்'னார். போய்ச் சொல்லித் தொலைங்களேன்னு கத்தினேன். 'ஊரே அவனைப் பாத்துச் சிரிக்கும். அந்த ஆத்தை விட்டா அவனுக்கு வேற என்ன இருக்கு'ன்னுட்டார்."

அடெலினோ வாய்விட்டு அழுதார். எழுபத்திரண்டு வயது மனிதர், நடுத்தெருவில். லூர்தஸ் தேற்றவுமில்லை, தடுக்கவுமில்லை.

அழுது ஓய்ந்தபின் கேட்டார்: "அவனை எங்கம்மா அடக்கம் பண்ணினீங்க?"

அதுகூடத் தெரியாத மனிதரை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் கோட்டும் கார்ச் சாவியும் எடுத்துவர உள்ளே போனாள்.