உறங்கிய வீரருக்கு அஞ்சலி

இராசிபுரம் சாலையிலுள்ள பேருந்து நிறுத்தத்தில், சுதந்திர தினத்தன்று காலையில், செங்கோடன் தம்முடைய படத்திற்குப் பூமாலை சாத்தப்பட்டிருப்பதைக் கண்டார். இளைஞர் மன்றத்தார் வைத்த பெரிய ஃப்ளெக்ஸ் அது. கார்கில் மலைச்சரிவில் ஓர் இளம் போர்வீரர் பாறைமேல் மல்லாந்து கிடந்தார். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தனர். எதிரே அகல்விளக்கு எரிந்தது. ‘நாட்டுக்காக இன்னுயிர் ஈந்த வீரருக்கு அஞ்சலி’ என்பது வாசகம்.

அந்தப் படம் அவர் அயர்ந்து உறங்கியபோது எடுக்கப்பட்டது. எடுத்த பத்திரிகைக்காரர், அவர் விழித்தபின் அதனைத் தெரிவித்து, இரண்டு பிஸ்கட்டுகளும் கொடுத்துச் சென்றார்.

செய்தியைக் கேட்ட மனைவி கமலவேணி, அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் மகள் மோகனப்பிரியாவுக்கு நிச்சயதார்த்தம்.

“மாப்ள ஊட்டுக்காரங்க அந்த வழியாத்தானுங்க வருவாங்க. பொண்ணோட அப்பன் அங்க செத்து மாலையோட கெடப்பான், இங்க வந்தா அவனே வாங்கன்னு கும்புடுவான். வெளங்குமா? மொதல்ல போயி அதக் கழட்டச் சொல்லுங்க.”

மன்றத்தின் செயலாளர் சந்தோஷ்குமார், படத்தையும் செங்கோடனையும் மாறிமாறிப் பார்த்தான்.

“இது நீங்களா மாமா? இன்டர்நெட்ல எடுத்தனுங்க. படுத்துக் கெடந்தா செத்தவருன்னுதானுங்க நெனப்போம்.”

“தூங்கிட்டிருந்தேன் சாமி.”

“சண்டையிலயுங்களா?”

“சண்டையிலதான் தூங்க முடியும். முகாமுக்குத் திரும்புனா பரேடு.”

“அப்ப முடி இருந்துச்சுங்க. இப்ப உங்கள யாருக்குங்க அடையாளம் தெரியப்போவுது? உட்டுருங்க.”

“என்ற பொண்டாட்டிக்குத் தெரியும்.”

சந்தோஷ்குமார் மேற்கொண்டு வாதாடவில்லை. கமலவேணியை அவனும் அறிவான். எனினும் அவனுக்கு வேறொரு கவலை இருந்தது.

“பத்து மணிக்குச் சேர்மன் மாலை போட வாராருங்க. கழட்டிட்டா வெறுஞ் சட்டந்தான் நிக்கும். செத்தவரு ஒருத்தரு வேணுமுங்களே மாமா.”

“செத்தவனும் இதுலயே இருக்கறான்.”

செங்கோடன் படத்தின் இடது ஓரத்தைச் சுட்டினார். அங்கே முழங்கால் வரையில் இரண்டு கால்கள் மட்டும் பூட்ஸுடன் நின்றன.

“ஜீவானந்தம். மேட்டூர்க்காரன். நான் தூங்கறப்பக் காவலுக்கு நின்னான். மறுநாள் குண்டு பட்டுப் போயிட்டான்.”

“மூஞ்சியே இல்லீங்களே?”

“நின்னுட்டிருந்தவனப் படம் புடிக்கோணும்னு அந்தாளுக்குத் தோணல.”

பிளேடு கொண்டுவரப்பட்டது. உறங்கியவரை வெட்டி எடுத்தபின், வாசகமும் கால்களும் எஞ்சின. செங்கோடன் ஜீவானந்தத்தின் பெயரைப் பெயின்டால் எழுதினார். பொட்டு வைப்பதற்கு நெற்றி இல்லாமையால், சந்தோஷ்குமார் சிறிது தயங்கிப் பின்னர் இரண்டு பூட்ஸுகளின் நுனியிலும் சந்தனம் இட்டான். சேர்மன் வந்து, முகத்தைத் தேடிவிட்டு, மாலையைப் போட்டுக் கும்பிட்டார்.

வெட்டப்பட்ட பகுதியைக் கமலவேணி வீட்டிற்குக் கொண்டுசென்று, குங்குமத்தைச் சோப்புப் போட்டுத் துடைத்துச் சுருட்டி வைத்தாள்.

மாப்பிள்ளையின் தந்தை காப்பியைக் கையில் வாங்கியதும் வினவினார்:

“ஏனுங்க, வர்ற வழியில பூட்ஸுக்கு மாலை போட்டிருக்குதே, அது யாருங்க?”

கமலவேணி கணவரை நோக்கினாள். மங்கல காரியத்தில் சாவுப்பேச்சு வேண்டாம் என்பது அப்பார்வையின் பொருள்.

“நம்ம பையனுங்க,” என்றார் செங்கோடன். “அவன் முழிச்சிருந்தான். அதனாலதானுங்க இன்னைக்கு நான் உங்களுக்குக் காப்பி குடுக்கறேன்.”

மாப்பிள்ளையின் தந்தை காப்பியைக் கீழே வைத்தார். “அப்ப அவரு பேருக்கும் ஒரு தட்டம் வெச்சரலாமுங்க,” என்றார்.

கமலவேணி உள்ளே சென்று இன்னொரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு எடுத்து வந்தாள்.