மூடுபனிக்கு அந்தப் பக்கம்

நோயல் ஹார்கிரீவ்ஸ் முப்பத்து நான்கு வருடமாக ஒரு விஷயத்தை மறைத்துவந்தார். கொலை, கொள்ளை எல்லாம் இல்லை. ரேவன்ஷா ஊரைப் பொறுத்தவரை அதைவிடக் கேவலமான ஒன்று என்பது அவர் எண்ணம்.

எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்துப் போட்டியின் மூன்றாம் சுற்றுக் குலுக்கலில் ரேவன்ஷா டவுன் அணிக்கு மறுபடியும் போர்ட்வெல் வந்து வாய்த்தது. அதுவும் அவர்கள் மைதானத்தில். 1985-இல் அங்கே போய்த்தான் ரேவன்ஷா அந்தப் பெரிய அணியை இரண்டுக்கு ஒன்று என்று சாய்த்தது. அதற்குப் பிறகு ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு எழவும் நடக்கவில்லை. இந்தத் தடவை போர்ட்வெல்காரர்கள் வெளியூர் ரசிகர்களுக்கு ஒதுக்கியது ஐந்நூற்று நாற்பது டிக்கெட். அதை யாருக்குக் கொடுப்பது என்று ரசிகர் மன்றம் மூன்று மணி நேரம் அடித்துக்கொண்டது. கடைசியில், 1985-இல் அந்த மைதானத்தில் இருந்தவர்களுக்கே முதல் உரிமை என்று முடிவாயிற்று. அன்று கிடைத்த டிக்கெட் அறுநூறு. இன்று ‘நானும் இருந்தேன்’ என்று பெயர் கொடுத்தவர்கள் ஆயிரத்து நூறு. இடையில் செத்துப்போனவர்கள் வேறு கணக்கில் இல்லை.

பழைய பெயர்ப் பட்டியல் வெள்ளத்தில் போய்விட்டது. அதனால் டிக்கெட் பொறுப்பாளர் க்ளெனிஸ் ஒவ்வொருவரையும் தனியாக மன்றத்து அறைக்குள் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். தேறியவர்கள் உள்ளேயே டீ குடித்துக்கொண்டு உட்காரலாம். தேறாதவர்கள் பின்கதவு வழியாக வீட்டுக்குப் போய்விட வேண்டும். என்ன கேள்வி என்று யாரும் வெளியே மூச்சு விடக்கூடாது.

நோயல் வரிசையில் நின்றார். ஓய்வுபெற்ற தபால்காரர், வயது அறுபத்தேழு, இடுப்பு எலும்பு மாற்ற நாள் குறித்தாகிவிட்டது. இன்னொரு போர்ட்வெல் ஆட்டம் தன் ஆயுளில் வராது என்பது அவருக்குத் தெரியும். இந்த டிக்கெட் வேண்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனார்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் டிரெவர், பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வருகிற நண்பன். நோயலைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நீ எங்கடா இங்க? உனக்குத்தான் அன்னிக்கு டிக்கெட்டே கிடைக்கலியே.”

“அவனை விடு” என்றார் க்ளெனிஸ். எழுபது வயதுப் பெண்மணி. கழகத் தலைவரே அவரிடம் பார்த்துத்தான் பேசுவார். “நோயல், ஒரே கேள்வி. கடைசி நிமிஷத்துல நாம போட்ட கோல் எப்படி இருந்துச்சு?”

நோயலுக்கு உயிர் வந்தது. இதுதானா?

“கார்னர் பந்து. தாழ்வா வந்துச்சு. நம்ம டக்வொர்த் அதை அடிக்கப் போய் வழுக்கி விழுந்தான். விழுந்தவன் முழங்கால்ல பட்டு, கம்பத்துல பட்டு, மெதுவா உருண்டு உள்ள போச்சு.”

அறையே சிரித்தது. டிரெவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

“மாட்டினான்! டேய், கடைசிப் பத்து நிமிஷம் ஒரே மூடுபனிடா. அந்தப் பக்கத்து கோல் கம்பமே தெரியல. பந்து பனிக்குள்ள போச்சு, டக்வொர்த் கையைத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடி வந்தான், அவ்வளவுதான். கோலைப் பார்த்தேன்னு எவன் சொன்னாலும் அவன் அங்க இல்லை. அதுதான் கேள்வியே.”

க்ளெனிஸ் சிரிக்கவில்லை. “பத்தொன்பது கூப்பன்” என்றார். “இருபது வேணும். உன்னைத் திருப்பி அனுப்பினதே நான்தான். எனக்கு மறக்கலப்பா.”

அது உண்மை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விற்கிற புத்தகத்தின் பின்னட்டையில் ஒரு கூப்பன் இருக்கும். வெட்டி, தாளில் ஒட்டி, இருபது சேர்த்தால்தான் கோப்பை ஆட்டத்துக்கு டிக்கெட். இரண்டாம் அணி ஆடிய ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டத்தை மட்டும் நோயல் தவறவிட்டிருந்தார். முப்பத்து மூன்று வயதில் அவருக்குப் பொன்னுக்கு வீங்கி.

பின்கதவு திறந்தே இருந்தது. பேசாமல் போய்விடலாம். போனால் பொய்யன் என்ற பெயர், நின்றால் அதைவிட மோசமான பெயர். நின்றார்.

“நான் பனிக்கு அந்தப் பக்கம் இருந்தேன்” என்றார். “அந்த கோலுக்குப் பின்னாடி. போர்ட்வெல்காரங்களோட.”

சிரிப்பு நின்றுவிட்டது.

“என் பொண்டாட்டியோட சித்தப்பா மகன் அந்த ஊர். அவன் டிக்கெட் கொடுத்தான். வாயைத் திறக்கக் கூடாது, அவங்க மப்ளர் போட்டுக்கணும்னு சொன்னான்.”

“பச்சை மப்ளரா?” டிரெவர் குரல் இறங்கிவிட்டது. “அவனுங்க கோல் போட்டப்ப?”

“எழுந்திரிச்சேன்.”

“கை தட்டினியா?”

“தட்டினேன்டா.”

சொல்லிவிட்டார். அவமானத்தில் காது சுட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை.

“நம்ம கோல் விழுந்தப்ப என்னைச் சுத்தி எட்டாயிரம் பேர் பேச்சுமூச்சில்லாம நின்னாங்க. பந்து என் கண்ணு முன்னாடி உள்ள போகுது, நான் கத்தக்கூடாது. பல்லைக் கடிச்சேன். கண்ணுல தண்ணி கொட்டிருச்சு. பக்கத்துல ஒரு பெரியவர், போர்ட்வெல் ஆளு, என் தோள்ல கையைப் போட்டு, அழாதப்பா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு சொல்லி, ஃபிளாஸ்க்ல இருந்த கடைசி டீயை எனக்கு ஊத்திக் கொடுத்தாரு. அதையும் வாங்கிக் குடிச்சேன்.”

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். டிரெவர் நாற்காலியை இழுத்து முன்னால் போட்டான். பின்னால் இருந்தவர்களும் நெருங்கி வந்தார்கள். இத்தனை வருடத்தில் அந்த கோலைப் பார்த்த ரேவன்ஷாக்காரன் ஒருவனை அவர்கள் சந்தித்ததே இல்லை.

“முழங்காலா?” என்றான் டிரெவர். “டக்வொர்த் சாகிற வரைக்கும் தலையால முட்டினேன்னுதான் சொன்னான்.”

“தலை தரையில இருந்துச்சு.”

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு.

க்ளெனிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “லென் என் பக்கத்துல நின்னுக்கிட்டு, கோலா, கோலான்னு என்னையே கேட்டுக்கிட்டிருந்தான். எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஆஸ்பத்திரியில கிடக்கும்போதும் எப்படிப் போட்டிருப்பான்னு கேட்டான்.” லென் அவர் கணவர், இறந்து ஆறு வருடம். “இன்னொரு தடவை சொல்லு. மெதுவா.”

நோயல் சொன்னார். கார்னர், வழுக்கல், முழங்கால், கம்பம். பந்து கோட்டைத் தாண்டிய இடத்தை மேசையில் விரலால் கோடு போட்டே காட்டினார்.

க்ளெனிஸ் ஐந்நூற்று நாற்பது வரி போட்ட தாளை எடுத்தார்.

“மைதானத்துல இருந்தவங்களுக்குன்னுதான் விதி. எந்தப் பக்கம்னு போடலை” என்று சொல்லி அவர் பெயரை எழுதினார். “யாருக்காவது ஆட்சேபம் உண்டா?”

டிரெவர் வாயைத் திறந்தான், கைதட்டியதை நினைத்திருப்பான், மூடிக்கொண்டான். “பஸ்ல என் பக்கத்து சீட்டு இவனுக்கு” என்றான்.

நோயலுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. “நம்ம ஆளுங்களோடதானே உட்காரணும்?”

“வேற எங்க?”

“அப்ப கத்தலாமா?”

க்ளெனிஸ் தலை நிமிராமல் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“கத்தாம உட்கார்ந்திருந்தே, பாதி ஆட்டத்துல டிக்கெட்டைப் பிடுங்கிருவேன்.”