உடையாத மூக்கு

என் தம்பி படம் எடுக்கிறான். நான் அந்தப் படத்துக்கு மூக்கு செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் சின்ன வயதிலிருந்தே வேலையை இப்படித்தான் பிரித்துக்கொண்டோம். கற்பனை அவனுக்கு, கைவேலை எனக்கு, திட்டு மட்டும் இருவருக்கும் பொது.

இந்த முறை அவன் பிடித்திருப்பது ஒரு குத்துச்சண்டை வீரரின் வாழ்க்கைக் கதை. எப்போதோ பட்டம் வென்று, பிறகு எல்லோரும் மறந்துபோன ஒருவர். அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்கள் அவருக்கு 'விலாங்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். பாராட்டி வைத்த பெயர் அல்ல, கிண்டல். எதிராளி குத்தக் குத்த இவர் தலையைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி நகர்த்திக்கொண்டே இருப்பாராம். காற்றைக் குத்திக் குத்தி அவன் களைத்துப்போனதும், பக்கத்தில் போய் நாலு குத்து வைத்துப் புள்ளிக் கணக்கில் ஜெயித்துவிடுவார். ரத்தம் பார்க்க வந்த கூட்டம் 'நின்னு சண்டை போடுய்யா' என்று கத்திவிட்டுக் கலைந்து போகும்.

இப்படிப்பட்டவரின் கதையை எடுக்கக் கிளம்பிய என் தம்பி எடுத்த முதல் முடிவு, அவர் மூக்கை உடைப்பது.

"மூக்கு நேரா இருக்கற பாக்ஸரை எவன்க்கா நம்புவான்?" என்றான்.

"அந்த மனுஷனுக்கு நேராத்தானேடா இருக்கு?"

"அது நிஜம். நான் எடுக்கறது சினிமா."

இந்த மாதிரி வசனங்களை அவன் பேட்டிக்காகத் தயார் செய்து வைத்திருப்பான். ஒத்திகை என்னிடம்தான். நானும் களிமண்ணைப் பிசைந்துகொண்டே கேட்டுத் தொலைப்பேன். மூக்கு நன்றாகத்தான் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். இடது பக்கம் லேசாகச் சாய்ந்து, நடுவில் ஒரு புடைப்போடு, தோலின் சின்னச் சின்னத் துளைகள்வரை அச்சு அசலாக இருந்தது. கதாநாயகன் அதை ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன் வெகுநேரம் நின்றான். தன் சொந்த மூக்கைவிட இது எடுப்பாக இருப்பதாக அவனே ஒப்புக்கொண்டான்.

மூக்கோடு நின்றானா தம்பி? கடைசிப் போட்டியில் மழை பெய்யும் என்றான். அரங்கத்துக்குள் மழை எப்படி வரும் என்று கேட்டேன். கூரை ஒழுகும் என்றான். நாயகன் ரத்த வெள்ளத்தில் விழுவான், முன்வரிசையில் உட்கார்ந்து அழும் மனைவியைப் பார்ப்பான், பல்லைக் கடித்துக்கொண்டு எழுவான். இதைச் சொல்லும்போது தம்பிக்கே கண் கலங்கியது. தான் சொல்லும் கதைக்குத் தானே முதலில் அழுதுவிடுவது அவனுடைய பழைய வழக்கம்.

அந்தக் குத்துச்சண்டைப் பெரியவர் அடிக்கடி எங்கள் அலுவலகத்துக்கு வருவார். தம்பி எதிரே உட்கார்ந்து கேள்விகளாகக் கேட்டுத் தள்ளுவான். அவர் ஒன்றுக்கும் பிடிகொடுக்க மாட்டார்.

"சார், உங்களுக்கு ரொம்ப வலிச்ச குத்து எது?"

"இந்த பிஸ்கட் நல்லா இருக்கே தம்பி. எங்க வாங்கினீங்க?"

"ரொம்ப பயந்துபோன நாள்?"

"உங்க ஃபேன் கிறீச் கிறீச்னுது பாருங்க. கொஞ்சம் எண்ணெய் விட்டா சரியாப் போயிடும்."

அவர் போனதும் தம்பி என்னிடம் வந்து, 'வாயே திறக்க முடியாத அளவு வேதனைக்கா அவருக்கு' என்பான். எனக்கென்னவோ அவருக்கு பிஸ்கட் பிடித்திருந்தது என்றுதான் தோன்றியது.

நாயகனுக்கு வைக்கும் காதின் அளவுக்காக அவர் முகத்தை ஒருநாள் அச்சு எடுக்க வேண்டியிருந்தது. என் அறை நாற்காலியில் சாய்த்துப் படுக்க வைத்து, முகத்தில் எண்ணெய் தடவினேன். விரல் மூக்கின்மேல் போனபோது ஆச்சரியமாக இருந்தது. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது போன்ற மூக்கு.

"எப்படி சார் இதை இவ்வளவு பத்திரமா வச்சிருந்தீங்க?" என்று சும்மாதான் கேட்டேன்.

முகம் முழுக்க என் கைக்குள் இருந்ததால் நழுவ வழியில்லையோ என்னவோ, அன்று அவர் பேசினார்.

"என் வீட்டம்மாவோட அப்பாவும் பாக்ஸர்தாம்மா. பெரிய ஆளு. முகத்துலயே குத்து வாங்கி வாங்கி, கடைசியில பெத்த பொண்ணையே யாரு நீன்னு கேட்டாரு. என்னைக் கட்டிக்கும்போது அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அடி வாங்காம வீட்டுக்கு வரணும்னு."

ஒவ்வொரு போட்டி முடிந்து வீட்டுக்குப் போனதும், அந்த அம்மா அவரைக் கூடத்து விளக்குக்குக் கீழே நிறுத்துவாராம். நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். பிறகு காது, தாடை. எல்லாம் சரியாக இருந்தால்தான் சாப்பாடு. ஆனால் ஒரு போட்டிக்குக்கூட அந்த அம்மா வந்ததில்லை.

"ஊரெல்லாம் என்னைக் கோழைன்னுச்சு. அது அவ காதுலயும் விழுந்திருக்கும். அவ வாயைத் திறந்து எதுவும் கேட்டதில்ல. ஆனா நான் ஓடலம்மா. விலகினேன். அதை அவ ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துடணும். அந்தக் காலத்துல யாரு படம் புடிச்சு வச்சா? அதுக்குத்தான் தம்பி வந்து கேட்டதும் தலையாட்டினேன்."

குழைத்து வைத்த அச்சு மாவு இறுகத் தொடங்கியிருந்தது. அவர் வாயையும் சேர்த்துப் பூசி மூடினேன்.

நேரே தம்பியிடம் போனேன். முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு, "அக்கா, நீ மூக்கைப் பாரு. படத்தை நான் பாத்துக்கறேன்" என்றான்.

"அவர் அடியே வாங்கலைடா."

"அடி வாங்காதவன் கதையை எவன் பாப்பான்? நான் அவர்கிட்டயே கேட்டுட்டேன். கிளைமாக்ஸ்ல நீங்க விழுந்து எழுந்திருக்கறீங்க, ஓகேதானேன்னேன். உங்களுக்குத் தெரியாததா தம்பின்னார்."

விலாங்கைப் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான் என் தம்பி. அவனை நினைத்தால் பாவமாகவும் இருந்தது, மண்டையில் ஒன்று போடலாம் போலவும் இருந்தது.

கடைசிப் போட்டியைப் படமெடுக்கும் நாள் வந்தது. ஒரு பழைய கிடங்குக்குள் மேடை கட்டி, சுற்றிலும் கயிறு இழுத்து, கத்துவதற்கு ஒரு கூட்டத்தையும் உட்கார வைத்திருந்தார்கள். பெரியவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சின்ன உருவம். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தம்பி ஓடிப்போய் மானிட்டருக்கு நேர் எதிரே நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டுக்கொடுத்தான். பெரியவர் அவர் பின்னால் நின்றுகொண்டார். மானிட்டரைப் பார்க்காமல் மனைவியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சினிமாவில் குத்து விழுவது எப்படி என்றால், விழவே விழாது. கேமரா குத்துபவனின் தோளுக்குப் பின்னால் இருக்கும். அவன் கை நாயகனின் முகத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே கடந்து போய்விடும். நாயகன் அந்த நேரம் பார்த்துத் தலையைச் சட்டென்று பக்கவாட்டில் வெட்டி, வாயிலிருக்கும் சிவப்புச் சாயத்தைத் துப்ப வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் பல்லே தெறித்தது போல இருக்கும். சத்தத்தைப் பிறகு சேர்ப்பார்கள். தலையை வெட்டுவதற்காகவே ஃபைட் மாஸ்டர் நாயகனை மாதக் கணக்கில் பிழிந்தெடுத்திருந்தார்.

கூரை ஒழுகியது. எதிராளி குத்தினான். நாயகன் என் கோணல் மூக்கோடு, வாயெல்லாம் சிவப்பாக, தண்ணீரில் தடாலென்று விழுந்தான். முன்வரிசையில் ஒரு நடிகை நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறினாள்.

அந்த அம்மா எழுந்துவிட்டார்.

"அது யாரு?"

"நீங்கதாம்மா," என்றான் தம்பி பெருமையாக. "முன்வரிசையில உக்காந்து அழறீங்க."

"நான் எங்க அழுதேன்? நான் அழக்கூடாதுன்னுதானே இந்த மனுஷன் அவ்வளவு பாடுபட்டாரு?" பிறகு கணவரிடம் திரும்பினார். "நான் வீட்டுக்குப் போறேன். இந்தப் படத்தை நான் பாக்க மாட்டேன். எங்கப்பாவைப் பாத்ததே போதும்."

தம்பி உதவிக்காகப் பெரியவரைப் பார்த்தான். பேச்சு இப்போது பிஸ்கட் பக்கம் திரும்பும் என்றுதான் நானும் நினைத்தேன்.

"தம்பி, நான் அடி வாங்கல," என்றார் அவர். "ஒருநாளும் வாங்கல. இதை எடுக்காதீங்க."

தம்பி சுற்றிலும் பார்த்தான். அவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஒரே ஒரு டேக் சார். அப்புறம் உக்காந்து பேசுவோம்" என்று சொல்லிவிட்டு மைக்கை எடுத்துக்கொண்டான். நழுவுவதை அவரிடமே கற்றிருந்தான் போலிருக்கிறது.

வாசல் மேடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்த அம்மா கைப்பையோடு மேடையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அதற்குள் டேக் தொடங்கிவிட்டது. எதிராளி கையை வீசினான். கயிற்றின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார்.

"ஐயோ, படவே இல்லையே!"

டேக் பாழ். ஃபைட் மாஸ்டர் தலையில் கைவைத்தபடி ஓடிவந்தார். "அம்மா, அந்தப் பக்கம் நிக்காதீங்கம்மா. அங்கேருந்து பாத்தா குத்து படாதது தெரிஞ்சிடும்."

அவர் மாஸ்டர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கணவரைப் பார்த்தார்.

"இப்படித்தானா?"

"இப்படித்தான்," என்றார் பெரியவர். "ஆனா இவ்வளவு இடம் விடமாட்டேன்." கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓர் எறும்பு போகிற அளவுக்கு இடைவெளி காட்டினார்.

"எங்க, செஞ்சு காட்டுங்க."

பெரியவர் செருப்பைக் கழற்றினார். இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ள, கயிற்றுக்கு நடுவே நுழைந்து மேடை ஏறினார். முழங்கால் நெட்டி முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. எதிராளியாக நடித்தவன் மலை மாதிரி ஆள். அவனுக்கு வியர்த்துவிட்டது.

"சார், பெரியவருக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அது என் கவலை. நீ குத்துப்பா," என்று இடைமறித்தார் பெரியவர்.

பயந்து பயந்து ஒன்று வீசினான். "என்னப்பா, ஈ ஓட்டறியா?" என்றார் பெரியவர். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்ததை நிஜமாகவே விட்டான். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டது போல அவர் தலையை லேசாகத் திருப்பினார். கை காதோரமாகப் போயிற்று. மறுபடி குத்தினான். மறுபடியும் இல்லை. கத்துவதற்காக வந்திருந்த கூட்டம் கத்த மறந்து பார்த்தது. கீழே அந்த அம்மா கயிற்றை இறுகப் பிடித்திருந்தார். மேலே கணவரின் தலை நகர்ந்த போதெல்லாம் இவர் தலையும் நகர்ந்தது. மலை மாதிரி ஆள் கடைசியில் முட்டியில் கையூன்றி மூச்சு வாங்கினான்.

தம்பி எப்போது அந்த அம்மாவின் பக்கத்தில் போய் நின்றான் என்று எனக்குத் தெரியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பேட்டிக்கான முகம் அல்ல அது. சின்ன வயதில் எதையாவது நிஜமாகவே பார்த்துவிட்டால் அவனுக்கு வரும் முகம்.

"கேமராவை இங்க கொண்டாங்க," என்றான்.

"சார், இங்கேருந்து எடுத்தா ஒரு குத்தும் படலைன்னு தெரிஞ்சிடுமே!" என்று பதறினார் மாஸ்டர்.

"தெரியட்டும். அதான் படமே. அந்தத் தண்ணியையும் நிறுத்துங்க. தலையை வெட்டறதெல்லாம் வேண்டாம்னு ஹீரோகிட்ட சொல்லிடுங்க."

மாதக் கணக்கில் தலையை வெட்டப் பழகிய நாயகனின் முகம் தொங்கிப்போனது. அந்த அம்மா அவனருகே போனார். பழக்க தோஷத்தில் கட்டைவிரலை அவன் நெற்றியில் வைத்துக் கீழே இழுத்தார். புடைப்பு தட்டியது. ஓரத்தைப் பிடித்து உரித்து, என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"நீங்க செஞ்சதா?"

"ஆமாம்மா."

"அருமையா இருக்கு. ஆனா இது எங்க வீட்டு மூக்கு இல்ல."

வாரக்கணக்கில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுச் செய்த மூக்கு. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாங்கிப் பெட்டியில் போட்டேன்.

பெரியவர் இறங்கி வந்ததும், அவரைப் பெரிய விளக்குக்குக் கீழே இழுத்து நிறுத்தினார் அந்த அம்மா. நெற்றி, மூக்கு, காது, தாடை. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் இருவருக்குமே இல்லை.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட என்னை வான்னு கூப்பிடலையே. ஏன்?"

நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அவர் நழுவவில்லை.

"நீ முன்வரிசையில வந்து உக்காந்துட்டா, நான் எதிராளியையா பாத்துட்டிருப்பேன்? உன்னைத்தான் பாத்துட்டிருப்பேன். அப்புறம் இந்த மூக்கு என்ன ஆகியிருக்கும்?"

அந்த அம்மா அப்போதுதான் அழுதார். கைப்பையால் அவர் தோளில் ஓர் அடியும் வைத்தார். அது பட்டது. அவர் விலகவில்லை.

தம்பி முன்வரிசைக்குப் போய், அழுவதற்காக வந்திருந்த நடிகையிடம் மெதுவாக ஏதோ சொல்லி எழுப்பி அனுப்பினான். உதவியாளன் அந்த நாற்காலியை எடுக்கப் போனான். "அது அப்படியே காலியா இருக்கட்டும்," என்றான் தம்பி. அவனைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வராமல் போனது அன்றுதான்.