துண்டிக்க நான்கை அழுத்தவும்

இன்டர்நெட் கம்பெனியில் அவருக்குக் கோந்து என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. "உங்க கனெக்‌ஷனே வேண்டாம், வெட்டி விடுங்க" என்று கொதித்துப்போய் போன் செய்கிறவர்களிடம் பேசி, ஆற்றி, போகவிடாமல் ஒட்டவைக்கிற பிரிவில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தார். அவரிடம் மாட்டிய வாடிக்கையாளர் பிய்த்துக்கொண்டு போனதாகச் சரித்திரம் இல்லை. அதனால் கோந்து. அவருக்கும் அந்தப் பெயரில் உள்ளூர ஒரு பெருமைதான்.

பிறகு கம்பெனி ஒரு குரலை வாங்கியது. ஆள் இல்லாத குரல். அதற்குப் பசிக்காது, தொண்டை கட்டாது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்காது. "உங்களுக்கு ஒத்தாசைக்குத்தான்" என்றார்கள். ஒத்தாசைக்கு வந்தது ஒவ்வொரு நாற்காலியாக எடுத்துக்கொண்டது. ஒரு திங்கட்கிழமை மேலாளர் கோந்துவைக் கூப்பிட்டு, சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். கோந்து காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், ஹெட்போனைச் சுருட்டி மேஜையில் வைத்தார், பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்.

அழுவார் என்று மனைவி எதிர்பார்த்தாள். அழவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி ஆகிவிட்டது மனுஷனுக்கு. கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலி தெரியாது. காலையில் குளித்துவிட்டுச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சோபாவில் உட்காருவார். கூப்பிட்டால் சாப்பிட வருவார். யாராவது போனில் "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டால் "போகுது" என்பார். பொய்யென்றும் சொல்ல முடியாது. சொந்தபந்தங்களுக்கு விஷயத்தைச் சொன்னதெல்லாம் மனைவிதான். வேலை போய்விட்டது என்று அவர் வாயால் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். எப்பேர்ப்பட்ட குண்டு ஆளின் கையிலும் தடவிப் பார்த்து நரம்பைப் பிடித்துவிடுவாள். வீட்டுக்காரரிடம் மட்டும் எங்கே தடவினாலும் அகப்படவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் பில் வந்தது. ஊழியர் என்பதால் இத்தனை காலம் பேருக்குத்தான் பணம் கட்டிவந்தார்கள். இப்போது முழு விலை.

"என்னங்க இது, கரன்ட் பில்லைவிட ஜாஸ்தியா இருக்கு?" மனைவி கைபேசியை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"ஸ்டாஃப் சலுகையை எடுத்துட்டாங்க போல."

"போல என்ன போல? ஊருக்கெல்லாம் பில்லைக் குறைச்சு விட்ட ஆளுதான நீங்க? சொந்த வீட்டுக்குப் பண்ணக் கூடாதா?"

"பாக்கலாம்" என்றார்.

பாக்கலாம் என்பது சமீபத்தில் அந்த வாயில் குடிவந்த வார்த்தை. வாடகையும் கொடுக்காமல் காலியும் பண்ணாமல் உட்கார்ந்திருந்தது. இரண்டு வாரம் கழித்தும் அவர் பார்த்தபாடாக இல்லை. அவள் தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

மைத்துனன் டயர் கடை வைத்திருப்பவன். உலகத்தில் அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டென்றால் அது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று அர்த்தம். வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தான்.

"மாமா, இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கிறீங்களே. புதுசா ஒரு கம்பெனி வந்திருக்கு. இப்ப கட்டுறதுல பாதி. முந்நூறு சேனல் சும்மா. சினிமா பாக்க நாலு ஆப் சும்மா."

கோந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "பாதி விலை எத்தனை மாசத்துக்கு?"

"அது... இப்போதைக்குப் பாதி."

"ஆறு மாசத்துக்கு அப்புறம் ஏறும். நடுவுல விட்டுட்டுப் போனா அபராதம். வைஃபை பெட்டிக்கு வாடகை தனியா இருக்கும், கேட்டியா? சேனலும் சும்மா வராது. அதோட விலையை நெட்டுக்குள்ள மறைச்சு வச்சிருப்பான். எத்தனை பேரு அந்த முந்நூறையும் பாக்குறாங்க? நியூஸும் பாட்டும் ரெண்டு சீரியலும்தான்."

சமையலறை வாசலில் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். இத்தனை நீளமாக அவர் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. குழாயில் காற்று அடைத்திருந்து திடீரென்று தண்ணீர் கொட்டுகிற மாதிரி கொட்டியது. ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை.

"வேகம் எவ்வளவு வேணும்னு யாருமே யோசிக்கிறதில்ல. நம்ம வீட்டுல மூணு பேரு. பொண்ணுக்குக் காலேஜ் பாடம், இவளுக்குப் போன், எனக்கு டிவி. அம்பது எம்பி வேகம் போதும். ஸ்டாஃபுக்கு நானூறு கொடுத்தாங்க, வச்சிருந்தோம். யானைத் தீனியைப் பூனைக்குப் போட்ட கதை. இந்தக் கட்டடத்துல ஏற்கெனவே ஒரு சின்னக் கம்பெனி கேபிள் இழுத்திருக்கான். மாடிப்படி கிட்ட சாம்பல் நிறத்துல பெட்டி இருக்கு பாரு, அவன்தான். மாசா மாசம் கட்டுனா போதும், ஒப்பந்தம் கிடையாது. வைஃபை பெட்டி நம்ம சொந்தத்துல வாங்கிக்கலாம். மூணுல ஒரு பங்குதான் ஆகும்."

"இவ்வளவையும் மனசுல வச்சுக்கிட்டா பேசாம உட்கார்ந்திருந்தீங்க?" என்றாள் மனைவி.

குழாய் நின்றுவிட்டது. அவர் மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

"பழைய கனெக்‌ஷனை முதல்ல வெட்டணும்" என்றான் மைத்துனன். "இல்லேன்னா ரெண்டு பில்லு விழும்."

"நானே போன் பண்ணி வெட்டிடறேன்" என்றாள் அவள்.

"உன்னால முடியாது. விட மாட்டாங்க" என்றார் கோந்து.

"யாரு விட மாட்டாங்க?"

அந்த போன் எந்த அறையில் அடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு எண்ணை அழுத்தினார். பில் விவரத்துக்கு ஒன்று, வேகம் குறைவாக இருந்தால் இரண்டு, புது இணைப்புக்கு மூன்று, துண்டிக்க நான்கு. துண்டிப்பைக் கடைசியில் வைக்கச் சொன்னதே அவர்தான். அது வருவதற்குள் பாதிப் பேர் அலுத்துப்போய் வைத்துவிடுவார்கள். நான்கை அழுத்தினார்.

"வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?"

குரலிலேயே ஆளைத் தெரிந்தது. அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். செய்தி வாசிப்பது போலப் பேசுவான் என்பதால் ரேடியோ என்று கூப்பிடுவார்கள்.

"ரேடியோ, நான்தான்."

"அண்ணே!" என்றான். சந்தோஷத்தில் குரல் ஏறி, உடனே தணிந்தது. "எப்படிண்ணே இருக்கீங்க? என்ன விஷயம்?"

"எங்க வீட்டு லைனைத் துண்டிக்கணும்."

பேச்சு பதிவாகும் என்று தெரிந்தும் அவன் சொன்னான். "அண்ணே, இங்க மிச்சம் இருக்கிறதே மூணு பேருதான். இந்த மாசம் யாரு கையில துண்டிப்பு அதிகமா விழுதோ அவங்களை..." முடிக்கவில்லை. "அதை விடுங்க. நீங்க கேட்டு நான் மாட்டேன்னு சொல்லுவேனா? போட்டுடட்டுமா?"

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"ரெண்டாவது பொறந்திருக்குண்ணே. பொண்ணு."

"நல்லது" என்றார் கோந்து. சந்தோஷமான செய்திதான் என்று மூளைக்குத் தெரிந்தது. "நான் யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிச்சுச் சொல்றேன்னா ஒட்டுனதா எழுதிக்குவேனே!"

"எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சாயங்காலம் மனைவி கேட்டாள். பேசினேன், முடியவில்லை என்றார். "கடல் வத்திக் கருவாடு திங்கலாம்னு கொக்கு நின்னுதாம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக அலம்பப்பட்டன.

அவர் சோபாவில் இருந்தபடியே யோசித்தார். மனிதர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் அழைப்புகள் எல்லாம் அந்தக் குரலுக்குத்தான் போகும். குரலின் கணக்கில் எத்தனை துண்டிப்பு விழுந்தாலும் அதற்கு வீடு கிடையாது, கைக்குழந்தை கிடையாது.

அவளுக்கு வாராந்தர விடுமுறை வந்தது. மத்தியானம் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு நான்கை அழுத்தினார். ஒரு பெண் "வணக்கம்" என்றாள். வைத்துவிட்டார். மறுபடி அழுத்தினார். தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது, ரேடியோ. வைத்துவிட்டார்.

"எடுத்தா வைக்கிறீங்க, வச்சா எடுக்கிறீங்க. என்ன விளையாட்டு இது?"

"மனுஷங்க எடுக்கறாங்க."

"மனுஷங்க எடுத்தா நல்லதுதான?"

"இல்ல. நாம போனா எடுத்தவங்க கணக்குல விழும். அங்க இன்னும் மூணு பேர்தான் இருக்காங்க."

அவள் கையிலிருந்த போர்வையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் மறுபடியும் மறுபடியும் அழுத்தினார். கடைசியில் அது வந்தது. வழவழவென்று, மூச்சே விடாத குரல்.

"இணைப்பைத் துண்டிக்க விரும்புகிறீர்களா? உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது."

அந்த வாக்கியம் அவருடையது. 'எனக்கு' என்பதற்கு முன்னால் விடுகிற சின்ன இடைவெளி உட்பட அவருடையது. புதிதாக வந்தவர்களை எத்தனையோ முறை சொல்லிப் பழகவைத்திருக்கிறார். இதைக் கேட்டால் ஏதாவது தோன்ற வேண்டுமே என்று காத்திருந்தார். ஒன்றும் தோன்றவில்லை.

மூன்று மாதம் பாதி விலை என்றது. வேண்டாம் என்றார். ஆறு மாதம் என்றது. வேண்டாம். பெட்டி வாடகையைத் தள்ளுபடி செய்கிறேன் என்றது. வேண்டாம். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்; வந்தது; வேண்டாம் என்றார். தன்னிடம் இப்படி ஒருவர்கூட விடாமல் வேண்டாம் சொன்னதில்லையே என்று மட்டும் நினைத்தார்.

"விலகுவதற்கான காரணத்தைச் சொல்லவும்."

"விலை."

"எதனால் இப்போது விலை அதிகமாகத் தோன்றுகிறது?"

இந்தக் கேள்வி புதிது. அவர் காலத்தில் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "வேலை போயிடுச்சு."

"மன்னிக்கவும், சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் சொல்ல முடியுமா?"

"எனக்கு வேலை போயிடுச்சு."

"மன்னிக்கவும். கொஞ்சம் உரக்கச் சொல்லவும்."

"எனக்கு வேலை போயிடுச்சு!" என்று கத்தினார். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"நன்றி. பதிவு செய்துகொண்டேன். பத்து நாட்களுக்குள் பெட்டியைத் திருப்பி ஒப்படைக்கவும்."

போன் தானாக நின்றது. மனைவி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளில் கை வைப்பாள் போலிருந்தது, வைக்கவில்லை. "சோறு ஆறிடும், வாங்க" என்றாள். அவர் போனார். உப்பு குறைவாக இருந்தது. அதைச் சொன்னார். எடுத்து வைத்தாள்.

சின்னக் கம்பெனிக்காரன் வந்து சுவரில் துளை போட்டு, கேபிளை இழுத்து, பொருத்திவிட்டுப் போனான். மகள் மட்டும் படம் இறங்க நேரமாகிறது என்று ஒரு நாள் முணுமுணுத்தாள். மறுநாள் பழகிவிட்டாள். பில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்தது. ரேடியோ அந்த மாதம் தப்பினானா என்று தெரியவில்லை. கேட்டுப் பார்க்க இவருக்குக் கை எழவில்லை.

பழைய பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கம்பெனியின் கவுன்ட்டருக்குப் போனார். அங்கே நீளமான பெஞ்சு. கையில் பெட்டி, கேபிள், புகார் என்று ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் பொழுதுபோகாமல் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி எங்க வேலை பாக்குறீங்க?"

"இப்ப வேலை இல்லீங்க. போயிடுச்சு."

"அப்படியா" என்றார் பெரியவர். பிறகு தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க. அங்க வெயில் அடிக்குது" என்றார்.

கோந்து தள்ளி உட்கார்ந்தார்.