ஆள் வைக்கிற விஷயம்

யாக்கோபுக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. கட்டடம் கட்டுகிற பழக்கம் ஒன்றுதான் உண்டு. மற்ற இரண்டையும் விட அது மோசமானது என்று அவர் மனைவி செல்லம்மாளைக் கேட்டால் சொல்வாள். கம்பெனிகள் வந்து நிலத்துக்கு விலை ஏறியபோது வயலைக் கொடுத்துவிட்டு ஒரகடத்தில் வரிசையாகப் பத்து அறை கட்டினார். பத்தும் ஒரே வாரத்தில் நிரம்பின. அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. பிறகு வல்லம் வடகாலில் ஒரு மாடிக் கட்டடம், அதன் மொட்டைமாடியில் சிமெண்ட் ஷீட் போட்டு ஓர் அறை. மணிமங்கலத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கி அதையும் தடுத்துத் தடுத்து அறைகளாக்கினார். இப்போது வாலாஜாபாத் சாலையில் அஸ்திவாரம் போய்க்கொண்டிருக்கிறது.

கட்டுவது அவர், பார்த்துக்கொள்வது செல்லம்மாள். யாரும் உட்கார்ந்து பேசி இப்படிப் பங்கு பிரிக்கவில்லை. அவள் தலையில் தானாக வந்து விழுந்தது. மோட்டார் போடுவது, கழிவறை அடைத்தால் ஆள் பிடிப்பது, போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க ஆதார் நகல் வாங்கி வைப்பது, திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு பையோடு வந்து இறங்கும் பிள்ளைகளுக்குத் துடைப்பம் எங்கே கிடைக்கும் என்பதுவரை சொல்வது, எல்லாம் அவள்தான். முழங்கால் வலியைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. மறதிதான் அவளைப் பயமுறுத்தியது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபத்துக்குக் கண்ணை மூடினால், எந்தக் கட்டடத்தில் எந்தக் குழாயை மூடாமல் வந்தோம் என்றுதான் நினைவு ஓடும்.

ஆள் வைக்கலாம் என்று ஒரு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அன்று காலை ஒருத்தியை வீட்டுக்கே வரவழைத்துவிட்டாள். தென்றல் என்று பெயர். ஒரு கம்பெனியின் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவள். விடுதியை மூடிவிட்டார்கள். புருஷன் விட்டுப் போய்விட்டான், பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள், வல்லத்தில்தான் குடியிருக்கிறாள். மாதச் சம்பளமும் தங்க ஓர் அறையும் கேட்டாள். யாக்கோபு டீ கொடுத்து, ஊர் பெயர் கேட்டு, மகள் படிப்பைக் கேட்டு, கடைசியில் பார்க்கலாம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று வேலை தேடுகிற எவருக்கும் தெரியும். தென்றல் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை தாண்டியதும் செல்லம்மாள் பிடித்துக்கொண்டாள். யாக்கோபு மசியவில்லை. வெளியாள் கையில் சாவி போனால் வீடும் போன மாதிரிதான் என்றார். அண்ணன் மகனை ஒரு முறை வைத்துப் பார்த்ததையும், அவன் அறைகளைத் தன் கணக்கில் வாடகைக்கு விட்டதையும் நூறாவது முறையாகச் சொன்னார்.

"என்னால முடியலங்க," என்றாள் செல்லம்மாள். "மண்டையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. என்னிக்கினா பெரிய தப்பா எதுனா பண்ணிடுவேன், பாத்துக்கினே இருங்க."

"வூடு பாத்துக்கறதுல இன்னா பெரிய தப்பு பண்ணிடப் போற?" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு அஸ்திவாரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

அழுகையை அடக்கிக்கொண்டு அவள் வல்லத்துக்குப் போனாள். மொட்டைமாடி அறையில் இருந்த சுகப்பிரியா இரண்டு நாளைக்கு முன் போன் செய்து, காலி பண்ணுகிறோம் என்று சொல்லியிருந்தாள். தான் அன்றைக்கே போவதாகவும், கூட இருக்கும் முத்துச்செல்வி மட்டும் இந்த வாரம் நைட் ஷிப்ட் என்பதால் சனிக்கிழமைதான் கிளம்புவாள் என்றும் சொன்னாள். செல்லம்மாளும் சரிம்மா, சரிம்மா என்றாள். அந்த நேரத்தில் மோட்டார் மெக்கானிக் எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தான். காலி என்ற சொல் மட்டும் மண்டைக்குள் தங்கியது. மற்றது போன இடம் தெரியவில்லை.

அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே செருப்பு இல்லை. வெளியே விட்டால் காணாமல் போகிறது என்று பெண்கள் எல்லோரும் உள்ளேதான் வைப்பார்கள். தட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் பகலில் எந்தக் கதவையும் தட்டக் கூடாது என்று அந்தக் கட்டடத்தில் சட்டம் போட்டவளே செல்லம்மாள்தான். நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கும் பிள்ளைகளை எழுப்பிவிட்டால் அதுகள் ராத்திரி மெஷின் முன்னால் நின்று தூங்கி விழும் என்று பெற்ற தாய்போலக் கவலைப்பட்டுப் போட்ட சட்டம். தட்டாமல் இருப்பது அவள் கைக்கே பழகிவிட்டது. மணிமங்கலத்தில் கழிவுநீர் லாரிக்காரன் வேறு காத்திருந்தான். பையிலிருந்து தன் பூட்டை எடுத்து, கொண்டியை மாட்டிப் பூட்டினாள். காலி அறைக்குக் கரண்ட் எதற்கு என்று கீழே இறங்கி அந்த அறையின் பியூஸ் கட்டையையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே முத்துச்செல்வி காய்ச்சல் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மே மாதம். மேலே சிமெண்ட் ஷீட், இருக்கிற ஒரே ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

மணிமங்கலத்தில் லாரிக்காரன் குழாயைத் தெருவில் இழுத்துப் போட்டதும் எதிர்வீட்டுக்காரர்கள் நாற்றம் தாங்கவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். செல்லம்மாள் ஒரு பக்கம் அவர்களைச் சமாதானப்படுத்தினாள், இன்னொரு பக்கம் லாரிக்காரனை விரட்டினாள். நடுவே போன் அடித்தது. தெரியாத எண். ரூம் இருக்கா என்று நாள் முழுக்க யாராவது கேட்பதுதான், கட் செய்தாள். மறுபடி அடித்தது, மறுபடி கட் செய்தாள். அந்த எண் விடவில்லை. எப்படிப்பட்ட ஜனங்கள் என்று வாய்விட்டே திட்டினாள். கொஞ்ச நேரத்தில் அது நின்றுபோனது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

பிற்பகலில், லாரி கிளம்பிப் போய் அவள் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, சுகப்பிரியாவின் அழைப்பு வந்தது.

"ஆன்ட்டி, மாடி ரூம யாரு பூட்டுனது? முத்துச்செல்வி உள்ளதான இருக்கா. காலைல இருந்து எனக்கு அடிச்சிருக்கா, வெளிய பூட்டிக் கெடக்குன்னு மெசேஜும் போட்டிருக்கா, ஷிப்ட்டுல என் போனு லாக்கர்ல கெடந்துச்சு. இப்ப அடிச்சா அவ போனு ஆப்னு வருது."

அந்த அறைக்குச் சுகப்பிரியாவின் எண்ணை மட்டும்தான் செல்லம்மாள் வாங்கி வைத்திருந்தாள். அந்தத் தெரியாத எண் யாருடையது என்று இப்போது யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாவி அவள் பையில் இருந்தது. பியூஸ் கட்டையும் அதே பையில்தான் இருந்தது. அவள் மணிமங்கலத்தில் இருந்தாள்.

புருஷனுக்கு அடித்தாள். கலவை மெஷின் சத்தத்தில் அவர் எடுக்கவில்லை. வல்லத்துப் பிள்ளைகளின் எண்களை ஒவ்வொன்றாக அடித்தாள். பகல் வேலைக்காரர்களின் போன் லாக்கரில் கிடந்தது, ராத்திரி வேலைக்காரர்கள் சத்தத்தை அணைத்துவிட்டுத் தூங்கினார்கள். இத்தனை அறை கட்டி, இத்தனை பேரைக் குடிவைத்து, போய் ஒரு கதவைத் திற என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. தெருவில் நின்று அழுதாள். அழுதுகொண்டே தென்றலின் எண்ணைத் தேடினாள்.

தென்றல் உடனே எடுத்தாள். வேலை விஷயமாக இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும், குரல் அவ்வளவு ஆசையாக வந்தது. செல்லம்மாளுக்கு வார்த்தை கோவையாக வரவில்லை.

"வல்லத்துல எங்க கட்டடம், மொட்டமாடி ரூமு. உள்ள ஒரு பொண்ணு கீது. பூட்ட ஒடச்சிடும்மா, கதவ ஒடச்சிடு, இன்னா ஆனாலும் பரவால்ல, ஓடும்மா."

அவள் எதுவும் கேட்கவில்லை. செருப்பு மாட்டாமல் ஓடுகிற சத்தம் போனில் கேட்டது.

ஆட்டோவில் ஏறிய செல்லம்மாள் படப்பை வரைக்கும் ஏசப்பா, ஏசப்பா என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் ஷிப்ட் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன, நடுவே கார் ஏற்றும் நீளமான டிரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் திணறியது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். இறங்கி ஓடலாமா என்று பார்த்தாள், ஓடினால் முழங்கால் எவ்வளவு தூரம் வரும் என்று அவளுக்கே தெரியும். எல்லா அறையையும் எடுத்துக்கோ, அந்தப் பொண்ணை மட்டும் விட்டுடு என்று கடவுளிடம் பேரம் பேசினாள். பேரம் பேசுகிற நிலையில் தான் இல்லை என்பதும் அவளுக்குப் புரிந்தது.

நடுவழியில் தென்றல் கூப்பிட்டாள். கல்லால் எவ்வளவு அடித்தும் பூட்டு உடையவில்லை. கீழே தூங்கிய பையன்களை எழுப்பிக் கதவை உதைத்துத் திறந்தார்கள். பெண் கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். உடம்பு கொதிக்கிறது, மூச்சு இருக்கிறது, பேச்சு இல்லை. மெயின் ரோட்டில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், நேராக அங்கே வந்துவிடுங்கள் என்றாள்.

செல்லம்மாள் போய்ச் சேர்ந்தபோது முத்துச்செல்விக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அக்குளிலும் கழுத்திலும் ஐஸ் வைத்திருந்தார்கள். வலிப்பு வந்து அடங்கியிருக்கிறது, காய்ச்சலோடு இந்த வெக்கையும் சேர்ந்ததால் மூளையைப் பாதித்திருக்கலாம், காலைவரை எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பெண்ணின் விரல் முட்டிகளில் தோல் வழன்றிருந்தது. கீழ் அறைப் பையன் ஒருவன் வராந்தாவில் நின்று தேம்பினான். தூக்கத்தில் அவனுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. முதலில் ரொம்ப நேரம் மெதுவாகத்தான் கேட்டதாம், யாரையும் எழுப்பக் கூடாது என்று தட்டுகிற மாதிரி. இங்கே பகலில் யாரும் தட்ட மாட்டார்களே, பக்கத்துக் கட்டட வேலையாக இருக்கும் என்று புரண்டு படுத்துவிட்டானாம். செல்லம்மாள் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் கையால் ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டோம் என்றே அவள் நினைத்தாள்.

யாக்கோபு வந்தார். சட்டையெல்லாம் சிமெண்ட். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பெண்ணைப் பார்த்தார், டாக்டரிடம் பேசினார், முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். வராந்தாவின் கோடிக்குத் தென்றலையும் மனைவியையும் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தென்றலு, உன்ன வேலைக்கு வெச்சிக்கிறேன். நீ கேட்ட சம்பளத்துக்கு மேலயே தர்றேன், ரூமும் தர்றேன். ஆனா நேத்துலேர்ந்தே வேலைல கீறன்னு வெச்சிக்கலாம். பூட்டுனது வேலையாளு, புதுசு, தெரியாம பண்ணிட்டுது. ஓனரே பூட்டுனான்னா கேஸு வேற மாதிரி போவும்."

"போலீசு வந்தா நான் உள்ள போவணுமாண்ணா?" என்று கேட்டாள் தென்றல்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். உன் பொண்ணு படிப்பையும் பாத்துக்கறேன்."

தென்றல் கோபப்படவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்து யோசித்தாள். செல்லம்மாளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு வருஷமாக அவள் கேட்டது இதைத்தான், தன் பாரத்தில் பாதியைத் தூக்க ஓர் ஆள். இப்போது புருஷன் மனசார ஆள் வைக்கிறார். தலையாட்டினால் போதும், இந்தப் பூட்டு அவள் கையை விட்டுப் போய்விடும். தலையாட்ட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசையை நினைத்து உடம்பு கூசியது.

அதற்குள் முத்துச்செல்வியின் அப்பா வனமாமலை செல்லம்மாளின் எண்ணுக்கே கூப்பிட்டுவிட்டார். சுகப்பிரியா கொடுத்திருக்கிறாள். நாங்குநேரியிலிருந்து பஸ் ஏறிவிட்டார். புள்ள பேசுதாளா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள். டாக்டர் சொன்னதை மறைக்காமல் சொன்னாள்.

"யாரும்மா பூட்டுனது?" என்று கேட்டார்.

யாக்கோபு வேகமாகத் தென்றலைக் காட்டிச் சைகை செய்தார். தென்றல் நிமிர்ந்து செல்லம்மாளைப் பார்த்தாள்.

"நான்தாண்ணா பூட்டுனேன். அது உள்ள கீதுன்னு எங்கிட்ட சொன்னாங்க, மறந்துட்டேன். பியூஸையும் நான்தான் புடுங்குனேன். அது எனக்கு போன் பண்ணிகினே இருந்துச்சு, நான் எடுக்காம கட் பண்ணிட்டேன்."

யாக்கோபு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். செல்லம்மாள் போனில் வரப்போகும் வசவுக்குக் காத்திருந்தாள். அவர் வாய்க்கு வந்தபடி திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அவ பக்கத்துல இப்ப யாரு இருக்கா?" என்றார் வனமாமலை.

"அதோட ஆளுங்க யாரும் இல்லண்ணா."

"அப்ப நீங்களே இருங்கம்மா. எனக்கு அந்த ஊர்ல வேற யாரையும் தெரியாது. நான் வார வரைக்கும் அவள விட்டுட்டு எங்கயும் போயிராதிய."

போவதில்லை என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். யாக்கோபு, ஏன்டி இப்படிப் பண்ணினே, எல்லாரும் நடுத்தெருவில் நிற்கப் போகிறோம் என்று அடிக்குரலில் திட்டத் தொடங்கினார். அவள் தென்றல் பக்கம் திரும்பினாள்.

"வேலைக்கு வர்றதுன்னா நாளைலேர்ந்து வாம்மா. நேத்துலேர்ந்து வேணாம்."

தென்றல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செல்லம்மாள் சுவரைப் பிடித்து நடந்து உள்ளே போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தோல் வழன்ற அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.