காப்பி மேசையில் சுற்றிய ‘உறைநீர்’

என் பெயர் சிர்க்கு. எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் மின்னிதழ்களுக்குப் பொறுப்பு நான். இந்த வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது.

அது எப்படி என்று சொல்கிறேன். ஒரு பதிப்பகத்தின் கணினியில் நீங்கள் கட்டுரை கேட்டால், அது உங்கள் பெயரைக் கேட்பதில்லை. எந்த இடத்திலிருந்து கேட்கிறீர்கள் என்று மட்டும் பார்க்கும். எங்கள் வளாகத்தின் இணைய முகவரியிலிருந்து என்றால், சந்தா கட்டியவர்கள் என்று தெரிந்துகொண்டு, சத்தமில்லாமல் கதவைத் திறந்துவிடும். படிக்கிறவருக்கு அங்கே ஒரு கதவு இருந்ததே தெரியாது. இணையத்தில் சும்மா கிடைத்தது என்று நினைத்துக்கொள்வார். நான் பல வருடங்களாக ராத்திரி பகலாகத் திறந்து வைத்திருக்கும் கதவுகள் இவை. இந்தக் கதை நடக்கும்வரை ஒருவர்கூட நன்றி சொன்னதில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் ஹில்க்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். ஏரி ஆய்வுக் குழுவில் முனைவர் பட்டத்துக்காக உழைக்கிறவள். உறைந்த ஏரி எவ்வளவு எடை தாங்கும், எப்போது விரிசல் விடும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. குளிர்காலத்தில் ஏரிமேல் வண்டி ஓட்டுகிற எங்கள் கைவோலாதி நகரத்தில் அது எல்லாருக்கும் வேண்டிய விஷயம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைமேல் இருந்த செடியைப் பார்த்தாள். பிறகுதான் பேசினாள்.

“உறைநீர் இதழ நிறுத்தப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன்.”

“இன்னும் முடிவாகல. நிறுத்தலாமான்னு பாக்கற இதழ்கள்ல அதுவும் இருக்கு.”

“நிறுத்தாதீங்க.”

அவ்வளவுதான். எங்கள் ஊரில் இது கெஞ்சலுக்குச் சமம். விசாரித்தபோது மீதியைச் சொன்னாள். வசந்தத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அவள் துறைக்கென்று இருக்கும் ஒரே நல்ல இதழ் ‘உறைநீர்’. அது போய்விட்டால் ஒவ்வொரு கட்டுரையையும் வேறு நூலகத்திலிருந்து தனித்தனியாக வரவழைத்து, காத்திருந்து, ஆய்வேட்டை இன்னொரு வருடம் இழுக்க வேண்டியதுதான்.

முடிவு எங்கள் நூலக இயக்குநர் ஐரியின் கையில் இருந்தது. அக்டோபர் கடைசிக்குள் அடுத்த ஆண்டுச் சந்தாக்களைப் பதிப்பகங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஐரி கொடுமைக்காரி இல்லை. கணக்குப் பார்த்து நடப்பவள். ஒரு கட்டுரை திறக்கப்படும் ஒவ்வொரு தடவையும் பதிப்பகத்தின் கணினி ஒன்று என்று எண்ணும். அவசரத்தில் ஒருவர் இரண்டு முறை தட்டினாலும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். நியாயமான கணக்கு. அந்தக் கணக்கில் ‘உறைநீர்’ அடியில் கிடந்தது. மாதத்துக்கு ஒருவர் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

“படிக்கறாங்கன்னு காட்டு, வச்சுக்கலாம்” என்றாள் ஐரி.

சரி, படிக்க வைக்கலாம் என்று களத்தில் இறங்கினேன். மின்னிதழ்களை எப்படித் தேடுவது, வீட்டிலிருந்து எப்படித் திறப்பது என்று துறை துறையாக மின்னஞ்சல் அனுப்பினேன். யாரும் திறக்கவில்லை. ஒரு விளக்கக் கூட்டம் போட்டேன். இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் பேருந்துக்குக் காத்திருந்தவர். வெளியே மழை.

அடுத்து ஏலக்காய் பன். ஒரு பெரிய தட்டு நிறையச் சுட்டு எடுத்துக்கொண்டு போய் நூலக வாசலில் வைத்தேன். ஒவ்வொரு பன்னிலும் ஒரு குட்டிக் காகிதக் கொடி. கொடியில் ஒரு சதுரக் குறி. அதைக் கைபேசிக் கேமராவில் காட்டினால் நேராக ஓர் இதழுக்குப் போகும். நல்ல யோசனை என்று இன்றும் நினைக்கிறேன். பன் பாதிக்கு மேல் பறந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் கொடியை மரியாதையாகக் கழற்றி, குச்சியை ஒரு தொட்டியிலும் காகிதத்தை இன்னொரு தொட்டியிலுமாகப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். மாலையில் போய்ப் பார்த்தேன். குப்பை மிக ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருந்தது. இதழ் பக்கம் ஒரு தலையும் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள், தட்டில் மிச்சமிருந்த பன்களை எடுத்துக்கொண்டு ஏரிக் குழுவின் கட்டிடத்துக்கே நடந்தேன். மதியக் காப்பி நேரம். ஹில்க்காவும், பேராசிரியர் கௌகோவும், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கௌகோ பனிக்கட்டியைத் தட்டி அதன் சத்தத்தை வைத்தே தடிமனைச் சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கியவர். மேசையில் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அச்சடித்த தாள்கட்டு ஒன்று கிடந்தது. மேல் தாளில் காப்பிக் கோப்பையின் வட்டம். தலைப்பைப் படித்தேன். ‘உறைநீர்’. போன வாரம்தான் வந்த கட்டுரை.

தாள்கட்டின் மூலையில் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. அதில் வரிசையாகப் பெயரின் முதலெழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக்.

எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. இதழ்கள் காகிதத்தில் வந்த காலத்தில், புது இதழ் வந்ததும் நூலகமே ஒரு சுற்றுச்சீட்டைக் குத்தித் துறைக்கு அனுப்பும். படித்தவர் டிக் போட்டு அடுத்தவருக்குத் தள்ளுவார். எல்லாரும் படித்து முடித்ததும் இதழ் அலமாரிக்குத் திரும்பும். நாங்கள் மின்னிதழுக்கு மாறியதும் அந்தச் சீட்டை நிறுத்திவிட்டோம். ஏரிக் குழு நிறுத்தவில்லை.

“இதை யாரு எடுக்கறது?” என்று கேட்டேன்.

“நான்தான்” என்றார் கௌகோ. “ஒரு தடவை எடுத்து அச்சடிச்சுடுவேன். எல்லாரும் சுத்தி சுத்திப் படிப்போம்.”

“ஏன், ஆளுக்கொரு தடவை திறந்தா என்ன?”

என்னை அவர் பார்த்த பார்வை, ஓடும் தண்ணீர்க் குழாயை மூடாமல் விட்ட ஆளைப் பார்க்கிற பார்வை. “சிர்க்கு, ஒவ்வொரு தடவைக்கும் நூலகத்துக்குச் செலவு ஆகுமில்ல? ஒண்ணு போதுமே. ஏன் வீணாக்கணும்?”

பன் தட்டை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். சந்தா என்பது வருடத்துக்கு ஒரே தொகை, ஒருவர் திறந்தாலும் ஊரே திறந்தாலும் அதேதான் என்று முதலில் சொன்னேன். பிறகு அந்தக் கணினி எப்படி எண்ணுகிறது, ஐரி எதை வைத்து முடிவெடுக்கிறாள் என்று விளக்கினேன். சுவாரசியமாகக் கேட்டார்கள். அளவுக் கருவி எதுவானாலும் பிடித்துப்போகிற கூட்டம் அது. ஒருவர் பிழை அளவு எவ்வளவு என்றுகூடக் கேட்டார்.

ஹில்க்கா மட்டும் கோப்பையைக் கீழே வைத்தாள். “அப்போ நாம சிக்கனமா இருந்ததாலதான் இதழ் போகப்போகுதா?”

கௌகோவின் காது சிவந்தது.

படிப்பதற்காக மட்டும் திறங்கள், கணக்குக்காகத் திறக்காதீர்கள், ஒருவருக்கொருவர் தாளைத் தராமல் இணைப்பை அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். தெளிவாகத்தான் சொன்னேன். ஆனால் தன்னால் ஒரு தப்பு நடந்துவிட்டது என்று நினைக்கிற நேர்மையான மனிதரிடம் எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் போதாது.

மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. மருத்துவத் துறை. கட்டுரை திறக்கவில்லையாம். வைத்ததும் பொருளாதாரம். பிறகு வனவியல், இசை. எல்லாமே ஒரே பதிப்பகத்தின் இதழ்கள்.

விஷயம் இதுதான். பதிப்பகத்தின் கணினி கதவைத் திறக்கும்போதே ஒரு கண்ணையும் திறந்து வைத்திருக்கும். ஓர் இடத்திலிருந்து கட்டுரைகள் வரிசையாக, விடாமல், முதல் இதழிலிருந்து போய்க்கொண்டே இருந்தால், யாரோ ஒரு கணினி நிரலை வைத்து மொத்தக் கிடங்கையும் அள்ளுகிறார்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடும். அது ஆளைப் பார்த்துச் சாத்தாது, முகவரியைப் பார்த்துச் சாத்தும். அந்த முகவரி முழு வளாகத்துக்கும் ஒன்றுதான்.

யார் அள்ளியது என்று நான் தேடவே இல்லை. கௌகோவைக் கூப்பிட்டேன்.

“காலைல சீக்கிரமே வந்தேன்” என்றார். “இத்தன வருஷமா எண்ணாம விட்டதெல்லாம் இருக்கில்ல. முதல் இதழ்லேர்ந்து ஆரம்பிச்சேன். ஒவ்வொண்ணையும் சுருக்கமாவது படிச்சுட்டுத்தான் அடுத்தத திறந்தேன் சிர்க்கு. படிக்காம திறந்தா பொய்யாயிடுமில்ல.”

“எவ்வளவு தூரம் போனீங்க?”

“நல்லா போய்க்கிட்டிருந்தது. திடீர்னு நின்னுடுச்சு.”

பதிப்பகத்துக்கு எழுதினேன். எந்த நிரல் ஓடியது, அதை நிறுத்தியாகிவிட்டதா என்று கேட்டார்கள். நிரல் எதுவும் இல்லை, பனிக்கட்டிப் பேராசிரியர் ஒருவர், இப்போது காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார் என்று பதில் போட்டேன். அவர்கள் நம்புவதற்குப் பிற்பகல் ஆகிவிட்டது.

அதுவரை நான் தொலைபேசியை விட்டு எழவில்லை. என் மின்னஞ்சலை ஒருநாளும் திறக்காதவர்கள், கொடியைப் பிரித்துப் போட்டவர்கள், எல்லாரும் கூப்பிட்டார்கள். இசைத் துறைக்காரர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார்.

“என் இதழ் திறக்கலேன்னா நூலகத்துகிட்ட ஏன் கேக்கச் சொல்றாங்க? நூலகத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

“இவ்வளவு நாளா அத உங்களுக்குத் திறந்து வச்சது யாருன்னு நெனச்சீங்க?”

அவர் யோசித்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். வேறு என்னென்ன இதழ் இருக்கிறது என்று கேட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த ஒரே காலையில் எத்தனை பேருக்கு எங்கள் மின்னிதழ்களைப் பற்றி விளக்கினேன் என்று எனக்கே தெரியாது. நான் போட்ட கூட்டங்களை எல்லாம் சேர்த்தாலும் அந்த அளவு தேறாது.

வெள்ளிக்கிழமை ஐரியின் அறைக்குப் போனேன். கையில் ஏரிக் குழுவின் தாள்கட்டுகள். ஹில்க்காதான் திரட்டித் தந்திருந்தாள். ஐரியின் திரையில் ‘உறைநீர்’ கணக்கின் வரைபடம் ஒரே இடத்தில் விளக்குக் கம்பம் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது.

“அந்தக் காலைக் கணக்க எடுத்துடுங்க ஐரி” என்றேன். “அது கௌகோவோட வேலை.”

“எப்பவோ எடுத்துட்டேன். எடுத்தா பழைய கதைதான், அடியிலதான் இருக்கு.”

தாள்கட்டுகளை மேசையில் வைத்தேன். ஐரி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாவற்றிலும் சீட்டு, சீட்டு நிறைய முதலெழுத்துகள், டிக்குகள். ஓரங்களில் பென்சிலில் சண்டை வேறு. இந்த அளவு தப்பு என்று ஒருவர் எழுத, அதன் கீழே இன்னொருவர் உன் அளவுதான் தப்பு என்று எழுதியிருந்தார். ஐரிக்கு உதட்டோரம் லேசாக இழுத்தது.

“இது எண்ணிக்கை இல்லையே, சிர்க்கு.”

“இல்லதான். ஆனா படிச்சிருக்காங்க. நீங்க அதத்தானே காட்டச் சொன்னீங்க?”

ஐரி ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள். இன்னும் உறையவில்லை. பிறகு, கதவு மூடியிருந்த அன்று அதே பதிப்பகத்தின் எந்தெந்த இதழைத் தேடி ஒருவரும் வரவில்லை என்று கேட்டாள். விற்பனை மேலாண்மை பற்றி ஓர் இதழ் இருந்தது. கணக்கிலும் அது ‘உறைநீர்’ பக்கத்திலேயே கிடந்தது. ஒரு காலையை மட்டும் வைத்து முடிவெடுக்கிறவள் இல்லை ஐரி. அங்கேயே அந்தத் துறைக்குப் போன் போட்டுக் கேட்டாள். அப்படி ஓர் இதழ் இருக்கிறதா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

போனை வைத்தாள். “அத நிறுத்திட்டு உறைநீருக்கு ஒரு வருஷம் தரேன். அடுத்த தடவை காப்பிக் கறைய எல்லாம் எண்ணிக்கையா ஏத்துக்க மாட்டேன். அவங்ககிட்ட சொல்லிடு.”

அன்று மதியமே போய்ச் சொன்னேன். ஹில்க்கா தலையாட்டினாள். தொப்பியைப் போட்டாள், கழற்றினாள். பிறகு, அதுவரை யாரும் செய்யாததைச் செய்தாள்.

“நன்றி சிர்க்கு” என்றாள்.

பன் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

இப்போது புது இதழ் வந்ததும் நானே ஒரு சுற்றுச்சீட்டு அச்சடித்து அனுப்புகிறேன். தாள்கட்டு இல்லை, சீட்டு மட்டும். மேலே சதுரக் குறி, கீழே பழையபடி முதலெழுத்துகளுக்கு இடம். காப்பி மேசையில் அது சுற்றுகிறது. கௌகோ கைபேசியைக் குறிமேல் பிடித்து, எழுத்தைப் பெரிதாக்கி, கடைசி வரிவரை படிக்கிறார். படித்து முடித்ததும் ஒரு டிக் போட்டு ஹில்க்கா பக்கம் தள்ளுகிறார். டிக் தேவையில்லை, கணினியே எண்ணிக்கொள்ளும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

“அது எண்ணட்டும்” என்றார். “அடுத்தது யாருன்னு அதுக்குத் தெரியுமா?”