மூன்றாம் வரிசையின் பின்பக்கம்

சைரன் அலறியதும் வேல்விழி பரோட்டாப் பொட்டலத்தை அப்படியே மேசையில் போட்டாள். சுவரில் இருந்த பெரிய திரையில் பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்துகொண்டிருந்தன.

"அக்கா, ஸ்டோரேஜ் பூரா நின்னுட்டு," என்றான் பக்கத்து இருக்கை முத்துச்செல்வம்.

"நின்னுட்டா, விழுந்துட்டா?"

"விழலை. எல்லாம் உசுரோடதான் இருக்கு. ஒண்ணும் நகரமாட்டேங்குது."

அதுதான் மோசம். செத்துப்போன கருவியைக் கண்டுபிடிப்பது சுலபம். எல்லாமே உயிரோடிருந்து எதுவுமே நகராவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

குத்துக்கல்வலசையில், வயலாக இருந்த இடத்தில் எழும்பிய அந்த டேட்டா சென்டரில் அவள் நெட்வொர்க் இன்ஜினீயர். இந்த வேலைக்காகவே சென்னையை விட்டுக் கைக்குழந்தையோடு கடையத்துக்குத் திரும்பியிருந்தாள். வேலை நிரந்தரமாக மேனேஜரின் ஒரு கையெழுத்துதான் பாக்கி.

அந்த மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். சுந்தரபாண்டியன், ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர். யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருக்குப் பின்னால் காதில் செல்போனோடு பால்வண்ணநாதன். திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர். அந்த மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் எல்லாம் இங்கேதான் இருந்தன. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்தவரைக் குற்றாலச் சீசன் நேரத்தில் சும்மா அனுப்ப முடியுமா? காலையிலேயே ஐந்தருவியில் குளிக்க வைத்து, புளியறைப் பக்கம் சாப்பிடவும் வைத்து அழைத்து வந்திருந்தார் அண்ணாச்சி. பால்வண்ணநாதனின் தலைமுடி இன்னும் சரியாகக் காயவில்லை.

"ஆபரேஷன் தியேட்டர்ல ஆளைப் படுக்க வச்சிட்டுப் படத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்காவ," என்றார் அவர். குரல் உயரவில்லை.

"நேத்து மேல் ஸ்விட்ச்ல கேபிள் மாத்துனது நீதான?" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி. ஆனா..."

"ஆனா என்ன ஆனா. பழசைப் போடு."

ஓடிப்போய்ப் பழைய கேபிளைச் செருகிவிட்டு வந்தாள். திரை சிவப்பாகவே இருந்தது. அண்ணாச்சி ஒரு காதில் சென்னைத் தலைமை அலுவலகத்தை வைத்துக்கொண்டு, "நம்ம சைடுல ஒரு பொண்ணு கை வச்சிருக்கு. பேரு அனுப்புதேன்," என்றார்.

வேல்விழியால் உட்கார முடியவில்லை. நின்றபடியே விசைப்பலகையைத் தட்டினாள். எல்லா வரிசைகளையும் இணைக்கும் மேல் ஸ்விட்சில் ஒரு பாக்கெட் தகவல்கூடத் தொலையவில்லை, பிழையும் இல்லை. ஒரே ஒரு எண் மட்டும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. பாஸ் ஃப்ரேம். வருகிற தகவலை வாங்க முடியாத சர்வர், 'கொஞ்சம் பொறு' என்று ஸ்விட்சுக்கு அனுப்பும் செய்தி அது. அந்த ஸ்விட்ச் தனக்குப் பின்னால் இருப்பதைப் பொறுக்கச் சொல்லும், அது அதற்குப் பின்னால் இருப்பதை. புளியறை செக்போஸ்டில் ஒரு லாரி மறித்து நின்றால் செங்கோட்டை வரைக்கும் வண்டி நிற்பது மாதிரி.

அவள் கேபிள் மாற்றிய போர்ட்டில்தான் அந்த எண் அதிகம். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"அது வழிதான் அண்ணாச்சி. கிளம்புன இடம் வேற."

"பொறுக்கச் சொல்லுததையே ஆஃப் பண்ணிட்டா என்னக்கா?" என்றான் முத்துச்செல்வம்.

"படம் பாதி பாதியாப் போய்ச் சேரும். சும்மா இருலே. அந்தக் கேபிள் போற மூணாம் வரிசை ஸ்விட்சைத் தொற. பாஸ் ஃப்ரேம் எந்தப் போர்ட்லேருந்து உள்ள வருதுன்னு மட்டும் பாரு."

"பதினொண்ணு. அது இன்னொரு ஸ்விட்சுக்குப் போகுது."

"அதையும் தொற."

"இங்கன ஏழுலேருந்து கொட்டுது. ஏழு..." அவன் குனிந்து படித்தான். "ஸ்விட்ச் இல்லக்கா. சர்வர். மூணாம் வரிசைக் கடைசி ரேக். சூடு எகிறிப்போய்க் கெடக்கு. பாவம், காய்ச்சல்ல பொலம்புது."

"போர்ட்டை மூடு."

அவன் மூடினான். திரையில் ஒரு மூலை பச்சையானது. பிறகு இன்னொன்று. வேல்விழி அதைப் பார்க்க நிற்கவில்லை. போர்ட்டை மூடினால் அடைப்பு நீங்கும், அவள் பெயர் நீங்காது. நல்ல சர்வர் ஏன் காய்ந்தது?

சர்வர் கூடத்தின் முன்பக்கம் உடம்பு நடுங்குகிற குளிர். சர்வர்களை அடுக்கிய ரேக்குகளின் பின்பக்கமோ அனல், விசிறிகள் சூட்டை அங்கேதான் கக்கும். வெளியே நாளெல்லாம் சாரல், வீட்டில் துணி காயாது என்று போன சீசனில் ஆளாளுக்கு இங்கே கொண்டுவந்து உலர்த்தினார்கள். கதவில் அண்ணாச்சியே கையெழுத்திட்டு ஒட்டிய தாள் இருந்தது. இங்கே துணி காயப்போடுகிறவர் மறுநாள் வேலைக்கு வர வேண்டாம்.

கடைசி ரேக்கின் பின்கதவைத் திறந்தாள். கேபிள் கொத்துகளுக்கு நடுவில், விசிறி வாயை அடைத்தபடி, நாலாக மடித்துச் செருகிய நீலப் பூத்துவாலை. உருவினாள். சுடச்சுட ஒரு காற்று முகத்தில் அடித்தது. உள்மடிப்பில் இன்னும் ஈரம்.

அதைக் கையில் ஏந்தியபடி அவள் திரும்பியபோது திரை முழுக்கப் பச்சை. "படம் வந்துட்டாம்," என்று பால்வண்ணநாதன் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி துவாலையைப் பார்த்தார். பிறகு, "ஏலே முத்து, உன் வேலையா?" என்றார்.

"நான் அருவிப் பக்கம் போயே ரெண்டு சீசன் ஆச்சு அண்ணாச்சி. எங்க வீட்டுல இவ்வளவு நல்ல துவாலையும் கெடையாது."

"அப்ப வேல்விழி, உள்ள போற கார்டு உங்கிட்டதான இருக்கு?"

"எங்கிட்டயும் இருக்கு அண்ணாச்சி. உங்ககிட்டயும் இருக்கு."

"எதுத்துப் பேசுதியா? எப்படியும் பேரு அனுப்பியாச்சு. யாரு போட்டாங்கறதைச் சென்னையில போய்ச் சொல்லிக்கோ."

பால்வண்ணநாதன் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். அவள் கையிலிருந்த துவாலையை வாங்கி விரித்து, ஓரத்தில் சிவப்பு நூலில் தைத்திருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது என்னோடதுல்லா அண்ணாச்சி. ஈரத்தோட பையில வைக்காதிய, எங்கிட்டக் குடுங்க, அரை மணி நேரத்துல மொறுமொறுன்னு காய வச்சுத் தாரேன்னு நீங்கதான வாங்கிட்டுப் போனிய?"